பொறுமையை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள்

"கிடைச்ச வேலையை விடாதை பிள்ளை. இதுவும் இல்லாமல் எத்தனை பேர் நிக்கினம்."

நான் வேலையை விடப்போகிறேன் என்று சொன்னபோது மாமி தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை இதுதான். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், "அம்மா, ஜஸ்ட் லீவ். உங்கட ஹெல்த்தைப் பாருங்கோ" என்றான். இரண்டு பேருக்கும் என்னில் அக்கறைதான். ஆனால் இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை.

லண்டனுக்கு வெளியே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். பெரும்பாலும் இரவு வேலை. எங்கள் தளத்தில் 28 முதியவர்கள். அரைவாசிக்கு மேற்பட்டவர்களுக்கு மறதி நோய். இரவுக்கு மூன்று பேர் என்று ரோட்டாவில் போட்டிருக்கும். கடந்த ஒன்றரை வருடத்தில் மூன்று பேரும் முழுதாக நின்ற இரவுகளை விரல் விட்டு எண்ணலாம். "ஒருத்தருக்குச் சுகமில்லை, ஏஜென்சியில ஆள் கேட்டிருக்கிறம்" என்று மனேஜரிடமிருந்து குறுஞ்செய்தி வரும். ஏஜென்சி ஆள் வரமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஓடி ஓடி விடியவைப்போம்.

ஆள் குறைந்த இரவு என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு அறையில் மணி அடிக்கும்போது இன்னொரு அறையில் ஒருவரை அரைவாசி உடை மாற்றியபடி நிற்பீர்கள். 90 வயது அம்மா ஒருவர் தன் தாயைத் தேடி நடைபாதையில் நடந்துகொண்டிருப்பார். நனைந்த படுக்கையில் ஒருவர் முக்கால் மணித்தியாலம் காத்திருப்பார். வீட்டுக்கு வந்து திரையை இழுத்துவிட்டுப் படுத்தாலும் அந்த மணிச்சத்தம் காதுக்குள் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் ஒன்பது வருடம் தாங்கினேன். தாங்க முடியாமல் போனது ஒரு கையெழுத்தில்.

மூன்று மாதத்துக்கு முதல் ஒரு இரவு. எங்கள் தளத்தில் இருக்கும் ஒரு ஐயாவைக் கட்டிலிலிருந்து தூக்க ஹொயிஸ்ட் என்ற இயந்திரம் வேண்டும். அதற்கு இரண்டு பேர் நிற்கவேண்டும் என்று அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அன்று என்னோடு நின்ற தம்பியைக் கீழ்த்தளத்துக்கு எடுத்துவிட்டார்கள். ஐயா வலியில் கத்துகிறார். நான் தனியாகத் தூக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவரைத் திரும்பப் படுக்கவைத்த பிறகு என் கை நடுங்கியது நிற்கவில்லை. குறிப்பில் உள்ளபடியே எழுதினேன்: தனியாகத்தான் செய்தேன்.

காலையில் மனேஜர் கூப்பிட்டார். "இப்படி எழுதினால் எல்லாருக்கும் பிரச்சினை. அந்தப் பொடியனின் பெயரையும் சேர்த்துவிடு" என்றார். மிரட்டவில்லை. சாதாரணமாக, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அந்தத் தம்பி தஞ்சாவூர்ப் பக்கம். 2024 கடைசியில் பராமரிப்பாளர் விசாவில் வந்தவர். ஏஜெண்டுக்குக் கட்ட அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. 2024 மார்ச் 11க்குப் பிறகு அந்த விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்பதால் மனைவியும் பிள்ளையும் ஊரில். அவர் இல்லாத அறையில் அவர் பெயரைப் போட்டுவிட்டு, நாளைக்கு அந்த ஐயாவுக்கு ஏதாவது என்றால் யார் பதில் சொல்வது?

நான் பெயரைச் சேர்க்கவில்லை. அன்றிலிருந்து யோசிக்கத் தொடங்கினேன்.

இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லத்துக்கு இத்தனை பேருக்கு இத்தனை ஊழியர் என்று சட்டத்தில் ஒரு எண் கிடையாது. 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி 18, தகுதியும் அனுபவமும் உள்ள ஊழியர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. போதும் என்று யார் தீர்மானிப்பது? விடியும்போது எல்லோரும் கழுவித் துடைத்துச் சாப்பாட்டு மேசையில் இருந்தால், பேப்பரில் அந்த இரவு போதுமான இரவுதான். நாங்கள் முறிந்து முறிந்து அதைச் சாத்தியமாக்குகிறோம். பிறகு அதே சாத்தியத்தைக் காட்டி, ஆள் தேவையில்லை என்கிறார்கள். எங்கள் பொறுமைதான் அந்த மூன்றாவது ஆள். அதற்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

இது ஒரு இல்லத்தின் கதையும் அல்ல. ஸ்கில்ஸ் ஃபோர் கெயர் அமைப்பின் கணக்குப்படி 2024-25இல் இங்கிலாந்தின் வயது வந்தோர் பராமரிப்புத் துறையில் சுமார் ஒரு இலட்சத்து 11 ஆயிரம் வேலையிடங்கள் வெற்றிடமாக இருந்தன. 2021-22இல் அது ஒரு இலட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த இடைவெளியைக் குறைத்ததில் பெரிய பங்கு வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுடையது. 2025 ஜூலை 22உடன் அந்த வழியும் மூடப்பட்டுவிட்டது. இனி இருப்பவர்களின் முதுகில்தான் எல்லாம் ஏறும்.

இங்கேதான் மகனின் பதில் எனக்குப் போதாமல் போகிறது. "ஜஸ்ட் லீவ்" என்று எனக்குச் சொல்லலாம். என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. அந்தத் தம்பிக்குச் சொல்ல முடியுமா? வேலை போனால், உள்துறை அமைச்சின் கடிதம் வந்ததிலிருந்து வழக்கமாக 60 நாள். அதற்குள் புதிய ஸ்பொன்சரைப் பிடித்து, புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். முறைப்பாடு செய்து இல்லத்தின் ஸ்பொன்சர் உரிமம் போனாலும் அதே கதிதான். அவர் வாய் மூடி இருப்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

மாமியின் பதிலும் போதாது. மாமியின் தலைமுறை பெற்றோல் நிலையத்திலும் கடைகளிலும் இரண்டு வேலை செய்து எங்களை நிமிர்த்தியது. அந்தப் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்கள் தாங்கியது தங்கள் உடம்பால். இங்கே நான் தாங்கினால், வலியில் கிடப்பது அந்த ஐயா. இன்னொருவரின் உடம்பை வைத்து நான் பொறுமை காட்டக்கூடாது.

ஆகவே எனக்கு நானே ஒரு கோடு போட்டேன். களைப்பு, சம்பளக் குறைவு, மனேஜரின் முகம், இவற்றுக்காக வேலையை விடுவதா இல்லையா என்பது அவரவர் வீட்டுக் கணக்கு. வீட்டுக்கடன் கட்டவேண்டியவருக்கு நான் புத்தி சொல்லமாட்டேன். ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதச் சொல்லும் இடத்தில் இருக்கக்கூடாது. இருக்க இருக்க அது பழகிவிடும்.

விடுவது என்று முடிவெடுத்தால் அதை ஒழுங்காகச் செய்யுங்கள். நடு ஷிஃப்டில் கோபித்துக்கொண்டு வெளியேறாதீர்கள். தனியாக மாட்டுவது உங்கள் பக்கத்தில் நிற்பவர். ஆள் குறைந்த இரவுகளின் திகதியையும் நேரத்தையும் உங்கள் கொப்பியில் எழுதுங்கள். முதியவர்களின் பெயரை எழுதாதீர்கள், அவர்களின் பதிவுகளைப் படம் எடுக்காதீர்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் வரி இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை வாசியுங்கள். எடுக்காத சட்டபூர்வ விடுமுறைக்குப் பணம் தரவேண்டும். ஏகாஸ் அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்லும். விசாவில் இருப்பவர்கள் புதிய ஸ்பொன்சரும் புதிய விசாவும் கையில் வரும்வரை இராஜினாமா கடிதம் கொடுக்கவேண்டாம். கோயில் வரிசையில் கேட்ட சட்ட ஆலோசனையை நம்பவும் வேண்டாம்.

கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இன்னும் ஒன்று. போகும்போது சும்மா போகாதீர்கள். எழுதிவிட்டுப் போங்கள். எங்களுக்கு நட்டமாவது ஒரு வேலை மட்டும்தான். எழுத முடியாமல் நிற்பவர்களுக்குப் போவது வாழ்க்கை.

போன கிழமை நான் கடிதம் கொடுத்தேன். நான்கு கிழமை நோட்டீஸ். கடிதத்தோடு 31 இரவுகளின் திகதிகளையும் இணைத்தேன். அதன் பிரதி பராமரிப்புத் தர ஆணைக்குழுவுக்கும் போயிருக்கிறது.

அன்று இரவு அந்தத் தம்பி கேட்டார்: "அக்கா, நீங்க போயிட்டா நைட்ல எனக்கு யாரு இருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. தொழிற்சங்கத்தில் சேரும் படிவத்தைப் பக்கத்தில் இருந்து நிரப்ப உதவினேன். பிறகு ஒன்றே ஒன்று சொன்னேன்: "நீங்கள் நிற்காத அறையில உங்கட பேரைப் போட விடாதேங்கோ." தலையாட்டினார். அதற்குள் 14ஆம் அறையில் மணி அடித்தது. இரண்டு பேரும் எழும்பிப் போனோம்.