கூட யார் இருக்கீங்க?



மே 12 உலக செவிலியர் தினம். 1820-இல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். கைவிளக்கோடு வார்டு வார்டாக நடந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவருடைய புகழ்பெற்ற ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ செவிலியர்களுக்கான பாடநூல் இல்லை. வீட்டில் உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதுவதாக முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். இந்த மே மாதப் பக்கத்தை, சீருடை போடாத அந்தச் செவிலியர்களுக்கே கொடுத்துவிட ஆசைப்படுகிறேன்.

நம் மருத்துவமனைகளில் நோயாளியைச் சேர்த்ததும் வருகிற முதல் கேள்வி, “கூட யார் இருக்கீங்க?” கட்டிலுக்கடியில் பழைய புடவையை விரித்துப் படுத்திருந்தவர் எழுந்து வருவார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுவதும், ஸ்கேனுக்கு வண்டி தள்ளுவதும் அவர்தான். டிஸ்சார்ஜ் ஆனதோடு முடியும் வேலையும் இல்லை அது. பக்கவாதம் வந்த அப்பாவை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பதென்றால், தலைப்பக்கத்தை உயர்த்தி, குழாய் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்து, ஆறிய கஞ்சியைச் சிரிஞ்சில் மெல்ல மெல்ல இறக்கி, கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அதன்பிறகும் அரை மணி நேரம் அவரைச் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம். இதற்கு நடுவே தன்னுடைய பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டோமா என்று அந்த மகளுக்கு, மருமகளுக்கு, மனைவிக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

இந்தக் களைப்பு மனசோடு நிற்பதில்லை. உடம்பில் தெரிகிறது, அளக்கவும் முடிகிறது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களையும், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் வைத்து அமெரிக்காவின் ஒஹையோவில் ஓர் ஆய்வு நடந்தது. 1995-இல் வெளியானது. இரு தரப்பாருக்கும் கையில் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்தி, அது எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பராமரிப்பவர்களுக்கு ஆறுவதற்கு ஏறக்குறைய 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. 1999-இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, நோயுற்ற கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்ட முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. அந்த வேலையால் அழுத்தத்துக்கு ஆளானவர்களுக்கு, அப்படிப் பொறுப்பு இல்லாத அதே வயதினரைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பார்த்துக்கொண்டும் அழுத்தத்துக்கு ஆளாகாதவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. நம்பிக்கை தரும் சேதி என்று நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஆளைக் கரைப்பது பராமரிப்பு அல்ல, அதைச் செய்யும்போது தனியாக விடப்படுவது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது இன்னும் பழைய ஆய்வு. 1980-இல் ஸ்டீவன் ஜாரிட்டும் அவரோடு வேலை செய்தவர்களும், மறதிநோய் வந்த 29 முதியவர்களின் குடும்பங்களைப் பார்த்தார்கள். நோய் முற்ற முற்றப் பார்த்துக்கொள்பவரின் சுமையும் ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி அமையவில்லை. மற்ற உறவினர்கள் எவ்வளவு அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதோடுதான் சுமை சேர்ந்து வந்தது. வருகை கூடிய வீட்டில் சுமை குறைவு. இன்று பல நாடுகளில் செவிலியர்கள் பயன்படுத்தும் ஜாரிட் சுமை அளவுகோல் அந்த ஆய்விலிருந்து வளர்ந்தது.

‘எங்கள் வீட்டில்தான் ஆள் வந்தபடியே இருக்கிறார்களே’ என்பீர்கள். உண்மை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வருகிறார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து, “எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது” என்று தொடங்கி, நாட்டு மருந்து ஒன்றும், வேறொரு டாக்டர் பெயரும் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காபியைப் போட்டது யார்? ராத்திரி முழுக்கத் தூங்காதவர்தான். நோயாளியிடம் வந்து வெறும் ஆறுதலும் ஆலோசனையும் கொட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டிக்கவே நைட்டிங்கேல் தன் புத்தகத்தில் தனி அத்தியாயம் எழுதினார். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ராத்திரி பத்து மணி வீடியோ அழைப்பில், “ஏன் அம்மா இளைச்சிருக்காங்க? சரியா சாப்பாடு குடுக்கிறீங்களா?” என்று கேட்கும்போது, கூட இருப்பவருக்கு அது விசாரணையாகத்தான் கேட்கும்.

நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் குழுவினர், அல்சைமர் நோயாளிகளின் வாழ்க்கைத்துணைகள் 406 பேரை வைத்துப் பல்லாண்டு ஆய்வு நடத்தினார்கள். உதவி கிடைத்த பாதிப் பேருக்கு ஆறு ஆலோசனை அமர்வுகள். அவற்றில் நான்கு, குடும்பத்தார் எல்லாரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசியவை. யார் என்ன செய்வது என்று அங்கே பேசினார்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைக்கலாம். அந்த வீடுகளில் நோயாளியை முதியோர் மருத்துவ இல்லத்தில் சேர்க்கும் நாள், மற்றவர்களைவிடச் சராசரியாக 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை ஆண்டு! புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கவலை, நமக்குக் கடமை உணர்வு இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. 116 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வந்த ஒரு கட்டுரை இதையும் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் வாழும் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் வழிக் குடும்பங்களில் பெற்றோருக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது, செய்ததும் அதிகம், உறவுகளின் துணையும் கூடுதல். ஆனாலும் பார்த்துக்கொள்பவரின் உடல்நிலை வெள்ளையர் வீடுகளைவிட மோசமாக இருந்தது. கடமை உணர்வு கையைப் பிடித்துச் செய்யவைக்கிறது. செய்கிறவரின் முதுகுவலியை அது குறைப்பதில்லை.

பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது மேடலின் லைனிங்கரைச் சொல்லாமல் முடியாது. அமெரிக்கச் செவிலியரான அவர், 1960-களின் தொடக்கத்தில் பாப்புவா நியூகினியின் மலைநாட்டில் கட்சுப் மக்களோடு வாழ்ந்து, மானுடவியலில் முனைவர் பட்டமும் பெற்றார். நோயாளியின் வழக்கத்தை எதிர்கொள்ள அவர் காட்டிய பாதை மூன்று: அப்படியே காப்பது, இடம்கொடுத்து இணைப்பது, சேர்ந்து பேசி மாற்றுவது. நம் வார்டுக்கு இதைக் கொண்டுவந்து பாருங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் நெற்றியில் பூசிய திருநீறு யாரையும் தொந்தரவு செய்யாது, இருக்கட்டும். ரமலான் நோன்பு நோற்கும் சர்க்கரை நோயாளிக்கு மருந்து வேளையை மாற்ற முடியுமா என்று மருத்துவரோடு பேச வேண்டும். பச்சைக் குழந்தையின் தொப்புள்கொடியில் கண்டதைத் தடவுவதை விடச்சொல்லத்தான் வேண்டும், ஆனால் பாட்டியை அதட்டாமல், பக்கத்தில் உட்கார்த்தி. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்து குவியும் வேலூரில் செவிலியர்களுக்கு இது அன்றாட வேலை.

இதே நுட்பம் கூட இருப்பவரிடம் பேசுவதற்கும் வேண்டும் என்பது என் எண்ணம். “உங்களுக்கு இது பாரமா இருக்காம்மா?” என்று மாமியாரின் எதிரிலேயே ஒரு மருமகளைக் கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்றுதான் பதில் வரும். வேறென்ன சொல்வார்? வாசலுக்கு அழைத்து வந்து, “நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீங்க? கடைசியா எப்போ பிரஷர் பார்த்தீங்க? நீங்க வெளியே போகணும்னா யாரு வந்து உட்காருவாங்க?” என்று கேட்டால் எண்களும் பெயர்களும் வரும். கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதிலே வராது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுத்தபடுக்கையாக இருப்பவர்களைத் தேடிச் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் படிவத்தில் கூட இருப்பவருக்கென்று இந்த மூன்று கேள்விகளும் நிரந்தரமாக இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் நம் வாசகர்களில் நிறைய இருக்கும். யார் எந்த நாள், பணம் யாருடையது, ராத்திரி யார் பொறுப்பு, சண்டை வந்தால் எப்படித் தீர்த்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாமென்றால் போட மாட்டோம். ஜூலை இதழில் அந்தக் கடிதங்களுக்காக எட்டுப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்