பதிவில் இல்லாத பிள்ளைக்கு வகுப்பு எப்படி வரும்?

“ஆம்பளப் பிள்ள, லேட்டாத்தான் பேசுவான்.” தோட்டத்து லயங்களிலும் தாமான் வீடுகளிலும் அடிக்கடி கேட்கும் ஆறுதல் இது. இந்த ஆறுதலில் கழியும் இரண்டு மூன்று ஆண்டுகள்தாம் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பயிற்சி அதிகம் தேவைப்படும் காலம்.

அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் 18 மாதத்திலும் 3 வயதிலும் இதற்கான கேள்விப் பட்டியல் உண்டு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று கேட்பார்கள். அவசரத்தில் ‘எல்லாம் சரி’ என்று குறித்துவிட்டால், சிக்கல் முதலாம் ஆண்டு வகுப்பில்தான் வெளிப்படும்.

அங்கே பிள்ளை ஓய்வு நேரத்தில் தனித்து நிற்கும். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லும். இவை ஓரளவு கண்ணில் படும். பலரும் கவனிக்கத் தவறுவது உடல் இயக்கத்தை. பென்சிலை இறுக்கிப் பிடிப்பது, சட்டைப் பொத்தான் போடத் திணறுவது, பந்தைப் பிடிக்க முடியாதது ஆகியவையும் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளிடம் காணப்படுகின்றன. கை வலித்து எழுத மறுக்கும் பிள்ளைக்குச் ‘சோம்பேறி’ என்ற பெயர்தான் கிடைக்கிறது.

எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் உள்ளது. ஆனால், இடம் கிடைப்பது வேறு. உதவி கிடைப்பது வேறு. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லை. அருகில் இல்லாதபோது தேசியப் பள்ளியே வழி. பேச்சே போராட்டமாக இருக்கும் பிள்ளைக்கு வகுப்பின் மொழியும் மாறுகிறது. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்த வேண்டியதில்லை. இரு மொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை நிறுத்தினால் பாட்டியோடு பேசும் வழிதான் அடைபடும்.

இன்னொரு தடை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சமூகநல இலாகாவின் ஓ.கே.யு. அட்டைக்கு மருத்துவர் உறுதிப்படுத்தினால் விண்ணப்பிக்கலாம். ‘ஊர் என்ன சொல்லும்’ என்று பலர் தயங்குகிறார்கள். பிள்ளைகள் பதிவாகாவிட்டால் தேவை கணக்கில் வராது. கணக்கில் வராத தேவைக்கு வகுப்பும் ஆசிரியரும் கேட்பது கடினம். மாணவர் குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் காலி அறைகளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர்தான் வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் யுபிஎஸ்ஆர் போன பிறகும் தேர்ச்சிப் பேச்சு குறையவில்லை. அடுத்த கூட்டத்தில், சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகள் நம் வட்டாரத்தில் எத்தனை பேர் என்ற கேள்வியையும் சேர்க்கலாம். அந்த எண்ணிக்கையோடு போனால்தான் மாவட்டக் கல்வி இலாகாவிடம் வகுப்புக் கேட்க முடியும்.