சுட்டது தூத்துக்குடியில்... பூட்டியது நெல்லையில்!

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி சுமார் ஐம்பது கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து கணக்குப் போட்டால் நூறைத் தாண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டது. துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் உள்துறைச் செயலாளர் ஓர் உத்தரவு போட்டார். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் 23 முதல் 27 வரை இன்டர்நெட் கிடையாது!

தூத்துக்குடி சரி, கலவர பூமி என்று சொல்வார்கள். அம்பாசமுத்திரத்தில் நெல் வியாபாரம் பார்க்கிறவர் என்ன செய்தார்? தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் யார் மீது கல் எறிந்தார்? உத்தரவில் சொன்ன காரணம், சமூக ஊடகங்கள் வழியாகத்தான் கூட்டம் திரண்டதாம், இனியும் திரளுமாம். அதாவது, நீங்கள் எதுவும் செய்யவில்லை. ஆனால் செய்துவிடக்கூடும்.

அந்த மே மாதம் வெறும் மே மாதமும் அல்ல. 23-ம் தேதி காலையில்தான் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தது. அந்த ஆண்டுதான் முதன்முறையாக இன்ஜினீயரிங் கவுன்சலிங்கை ஆன்லைனுக்கு மாற்றியிருந்தார்கள். விண்ணப்பிக்க மே 3 முதல் 30 வரை அவகாசம். ‘இனிமேல் சென்னைக்கு பஸ் ஏறி வர வேண்டாம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பண்ணிக்கோங்க’ என்று ஒரு கை சொல்கிறது. இன்னொரு கை ஒயரைப் பிடுங்குகிறது. இரண்டு கையும் ஒரே அரசாங்கத்துடையது. பிறகு கடைசித் தேதியை ஜூன் 2 வரை நீட்டித்தார்கள். பிள்ளைகள் தவித்த தவிப்பை எந்தத் தேதியில் நீட்டிப்பது?

‘நாலு நாள் நெட் இல்லேன்னா என்னவே, குடியா முழுகிரும்? வாட்ஸ்அப்புல கண்டதையும் கெளப்பி விடுதானுவ. கவர்மென்ட்டு பின்ன என்ன செய்யும்?’ - இப்படிக் கேட்கிற அண்ணாச்சிகள் நம் தெருவிலேயே உண்டு. உங்கள் மனதிலும் அந்தக் கேள்வி இருக்கலாம். நியாயமான கேள்விதான். வதந்தி உயிரைக் குடிக்கும். அதே 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கோயிலைத் தேடி காரில் வந்த ஒரு வயதான பெண்மணியை, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சொல்லி ஊரே கூடி அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளிதான் காரணம்.

அதற்கு அரசு என்ன செய்தது? அடித்தவர்களைக் கைது செய்தது. புரளி கிளப்பியவர்களைத் தேடிப் பிடித்தது. ஊர் ஊராக மைக் வைத்து எச்சரித்தது. இதைச் சாக்கிட்டு மூன்று மாவட்டங்களுக்கு நெட்டைப் பிடுங்கவில்லை. ஆக, வதந்தியைச் சமாளிக்க வேறு வழி போலீஸுக்குத் தெரியும். அங்கே கொன்றது கும்பல். தூத்துக்குடியில் சுட்டது போலீஸ். வித்தியாசம் இவ்வளவுதான்.

22-ம் தேதி நாம் என்ன பார்த்தோம் என்று நினைத்துப் பாருங்கள். வேன் கூரை மீது மஞ்சள் பனியன் போட்ட ஒருவர் துப்பாக்கியை நீட்டிக் குறி பார்க்கிறார். அந்தக் காட்சி சாயங்காலத்துக்குள் கோடிக்கணக்கான செல்போன்களுக்குப் போய்விட்டது. பூட்டு விழுந்தது அதற்கு மறுநாள். கலவரத்தைத் தடுக்கும் எண்ணமிருந்தால் முதல் நாளே செய்திருக்கலாமே! நடந்தது வேறு. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற உறவுக்காரர்கள், தெருத்தெருவாகப் போலீஸ் நுழைந்ததைப் பார்த்தவர்கள், எதையும் வெளியே அனுப்ப முடியாமல் போனது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில்தான் சட்டசபைக்கு வந்தது. போலீஸ் வரம்பு மீறியது என்று அது சொன்னது. நாலரை வருஷம் கழித்து! செல்போனில் படம் எடுத்தவர்கள் அன்றைக்கே சொன்ன விஷயம் இது.

சாட்சியின் அருமை நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1999 ஜூலை 23-ம் தேதி மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் அருகே போலீஸ் அடித்து விரட்டியது. உயிருக்குப் பயந்து தாமிரபரணியில் குதித்தவர்களையும் விடவில்லை. குழந்தை ஒன்று உட்பட 17 பேர் செத்தார்கள். அன்று யாரிடமும் கேமரா செல்போன் கிடையாது. போட்டோகிராபர்களும் வீடியோகிராபர்களும் அங்கே இருந்ததால்தான் ஆற்றுக்குள் லத்தி ஓங்கிய கைகளை ஊர் பார்த்தது. ஆர்.ஆர்.சீனிவாசன் அதை ஆவணப் படமாக்கினார். கேமராக்கள் இல்லாதிருந்தால், ‘நீச்சல் தெரியாமல் மூழ்கினார்கள்’ என்ற ஒரே வரியோடு கதை முடிந்திருக்கும்.

சரி, பூட்டு எப்படி விழுகிறது? இதைத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் காசு சம்பந்தப்பட்ட விஷயம். செயலாளரின் கடிதம் சேவை நிறுவனங்களுக்குப் போகும். அவர்கள் ‘எஸ் சார்’ என்று சுவிட்சை அணைப்பார்கள். ஏன், எதற்கு, எங்கள் வாடிக்கையாளர் என்ன தப்பு செய்தார் என்று ஒரு கேள்வி கிடையாது. கேட்டால் லைசென்ஸ் போய்விடுமே! 28 நாளைக்கென்று நீங்கள் முன்பணம் கட்டி ரீசார்ஜ் செய்கிறீர்கள். 29-ம் நாள் ஒரு நிமிஷம் தாமதித்தால் லைனைத் துண்டிக்கத் தெரிந்தவர்களுக்கு, நாலு நாள் சேவையே தராததற்கு நாலு நாள் கூட்டித் தரத் தோன்றுகிறதா? அதே நிறுவனங்கள், நீங்கள் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்ற விவரத்தை மட்டும் இரண்டு வருஷமாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் லைசென்ஸ் நிபந்தனையையே இதற்காகத் திருத்தினார்கள். உங்கள் பேச்சுக்குக் கணக்கு உண்டு, உங்கள் பணத்துக்குக் கணக்கு இல்லை.

தாமிரபரணிக் கரையில் மதகும் ஷட்டரும் புதிதல்ல. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் எந்தக் கால்வாய்க்கு, எத்தனை நாள், எவ்வளவு கன அடி என்று அறிவிக்கிறார்கள், பேப்பரில் வருகிறது. மருதூர் மேலக்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து நின்று அதிகாரியை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். இன்டர்நெட் மதகுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. 2018-ல் அமலில் இருந்தவை 2017 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள். உத்தரவை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று அவற்றில் ஒரு வரி இல்லை. அந்த விதிகள் எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். 1885-ம் வருடத்து தந்திச் சட்டம்! கட்டுக் கடா மீசையோடு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்த காலத்துச் சரக்கு.

துரை என்றதும் 1908 ஞாபகம் வருகிறது. வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ததற்காக மார்ச் 13-ம் தேதி திருநெல்வேலி கொந்தளித்தது. முனிசிபல் ஆபீஸும் போலீஸ் ஸ்டேஷனும் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் என்ன செய்தான் தெரியுமா? திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டக் காவல் படையைக் கொண்டுவந்து இறக்கி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டினான். கல் எறிந்தவன், எறியாதவன், அன்று ஊரிலேயே இல்லாதவன் எல்லோருக்கும் சேர்த்து அபராதம். 110 வருஷம் கழித்து நம் ஆட்களும் அதையே செய்தார்கள். ஊருக்கே தண்டனை, வெள்ளைக்காரன் சட்டத்தை வைத்தே.

தப்பான உத்தரவைத் தட்டிக்கேட்க விதிகளில் ஓர் ஏற்பாடு இருந்ததே என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். இருந்தது. ‘ஆய்வுக் குழு’ என்று பெயர். தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், உள்துறை அல்லாத இன்னொரு செயலாளர். மூன்று பேரும் அரசாங்க அதிகாரிகள். ஒரு நீதிபதி கிடையாது. வெளியாள் ஒருவரும் கிடையாது. சரி, எப்போது கூட வேண்டும்? உத்தரவு போட்டு ஐந்து வேலை நாட்களுக்குள். மே 23 புதன்கிழமை. சனி, ஞாயிறு தள்ளி எண்ணினால் ஐந்தாம் வேலை நாள் மே 30. பூட்டின் ஆயுளோ 27-ம் தேதி வரைதான். பிணத்துக்கு வைத்தியம் பார்க்கிற குழு!

நல்லவேளையாக யாரோ வழக்குப் போட்டார்கள். தூத்துக்குடி சரி, நெல்லைக்கும் குமரிக்கும் ஏன் என்று மதுரைக் கிளை நீதிபதிகள் கேட்டதும், இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் முன்னதாகவே இணைப்பு திரும்ப வந்தது. 27-ம் தேதி வரை அவசியம் என்று எழுதிய உத்தரவு, கோர்ட்டில் ஒரு கேள்வி கேட்டதும் அவசியமில்லாமல் போய்விட்டது. அப்படியானால் முதலிலேயே அவசியம் இருந்ததா?

நெல்லைக்கு அதற்கு முந்தைய வருஷமே ஒரு முன்னோட்டம் காட்டினார்கள். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மனு நாள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பல முறை மனு கொடுத்தும் பலனில்லாமல், ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் தீயில் கருகினார். கார்ட்டூனிஸ்ட் பாலா அதைப் பற்றி ஒரு கார்ட்டூன் போட்டு இணையத்தில் வெளியிட்டார். முதலமைச்சரும் கலெக்டரும் போலீஸ் கமிஷனரும் அதில் இருந்தார்கள். நவம்பர் 5-ம் தேதி நெல்லை போலீஸ் சென்னைக்குப் போய் அவரைக் கைது செய்து கொண்டுவந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டதே, பின் எப்படி? பக்கத்திலேயே 67 இருக்கிறதே! ஆபாசத்துக்கான பிரிவு. நான்கு உயிர் எரிந்தது ஆபாசமில்லை, அதை வரைந்ததுதான் ஆபாசம்! மறுநாள் நெல்லை கோர்ட் அவரை ஜாமீனில் விட்டது. அந்தக் கார்ட்டூன் எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்கு ஜெயில் என்றால் ஜெயில் போதாது.

ஆட்சி மாறினால், கட்சி மாறினால் இதெல்லாம் மாறும் என்று நினைக்காதீர்கள். 2025 பிப்ரவரியில், பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே பல சேவை நிறுவனங்களின் இணைப்பில் திறக்காமல் போனது. தமிழ்நாட்டின் பழைய பத்திரிகை நிறுவனம் ஒன்றின் வாசலைப் பூட்டிவிட்டு, காரணத்தைப் பிறகு சொல்கிறார்கள். மார்ச் 6-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திறக்கச் சொன்னது, அந்தக் கார்ட்டூன் உள்ள பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு படத்துக்காக மொத்தக் கடைக்கும் பூட்டு.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போட்ட பூட்டை எதிர்த்து ‘காஷ்மீர் டைம்ஸ்’ ஆசிரியர் அனுராதா பாசின் போட்ட வழக்கில், 2020 ஜனவரி 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. காலவரையற்ற பூட்டு செல்லாது, உத்தரவை வெளியிட வேண்டும், தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூடப் போகக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் அங்கே 4ஜி முழுசாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. 1885 சட்டத்தின் இடத்தில் 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024 நவம்பரில் புதிய விதிகள் வந்தன. ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் கூடாது. வெளியிட்டே ஆக வேண்டும். ஆய்வுக் குழுவில் மட்டும் இன்றைக்கும் அதிகாரிகளேதான்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன், செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பொதுத் தகவல் அலுவலர், உள்துறை, தலைமைச் செயலகம், சென்னை - 9 என்று முகவரி. மூன்று கேள்விகள். ஒன்று: 2018 மே 23 உத்தரவை ஆய்வுக் குழு எந்தத் தேதியில் பரிசீலித்தது, என்ன முடிவெடுத்தது? இரண்டு: துப்பாக்கிச் சூடு நடக்காத இரண்டு மாவட்டங்களைச் சேர்க்கச் சொல்லி எந்த அதிகாரி எழுதினார், என்ன காரணம் எழுதினார்? மூன்று: அதற்குப் பிறகு இன்று வரை தமிழ்நாட்டில் எந்தெந்த ஊரில், எத்தனை நாள் இன்டர்நெட்டை நிறுத்தியிருக்கிறீர்கள்?

30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘பாதுகாப்பு காரணங்களால் தர இயலாது’ என்று வந்தால், அதன் மேல் முறையீட்டு மனு போடுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு. தபாலை இன்னும் யாரும் நிறுத்தவில்லை.