டொக்டர் "காட்டை விட்டு வெளியே வரவில்லை" என்று சொன்னால்

ஓ.எல். நெருங்கினால் எங்கட பிள்ளைகளின் கையில் ஒரு போட்டோ கொப்பி சுற்றும். இடது பக்கம் ஆங்கில மரபுத்தொடர்கள், வலது பக்கம் தமிழ்க் கருத்து. கஷ்டத்தில், ஆபத்தில் இருந்து மீளுவதைச் சொல்லும் தொடர்கள் மட்டும் அதில் ஏழெட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே சொல்தான்: "தப்பித்தல்". இந்தக் கொப்பியை எங்கட வகுப்புகளில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். டியூஷன் நடத்தும் சகோதரர்கள் கோபப்படக் கூடாது, முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

யோசித்துப் பாருங்கள். வாப்பா கட்டாரில் ஆஸ்பத்திரியில். அங்குள்ள டொக்டர் போனில் "ஹி இஸ் நொட் அவுட் ஒஃப் த வூட்ஸ் யெட்" என்கிறார். "அவுட் ஒஃப் த வூட்ஸ், தப்பித்தல்" என்று பாடமாக்கிய மகன் என்ன விளங்குவான்? "வாப்பா தப்பிட்டாராம்" என்று உம்மாவிடம் சொல்லக் கூடும். டொக்டர் சொன்னதோ, ஆள் இன்னும் காட்டுக்குள்தான் நிற்கிறார், நடந்து கொண்டிருக்கிறார், வெளிச்சம் இன்னும் வரவில்லை என்று. காட்டைத் தாண்டும் மட்டும் கூவாதே என்று ஆங்கிலத்தில் பழைய பழமொழியும் உண்டு. யானை நடமாடும் பாதையால் வயலுக்குப் போய் வருகிற எங்கட விவசாயிகளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. தார் ரோட்டுக்கு ஏறும் வரைக்கும் அவர்கள் வாய் திறப்பதில்லை. இதை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை மறக்குமா?

"லெஃப்ட் ஹை அண்ட் ட்ரை" என்ற தொடர் இன்னும் மோசம். மேட்டில், நனையாமல் விடப்பட்டான். மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வருகிற ஊரில், 2004 டிசம்பர் 26இல் மேட்டுக்கு ஓடியவர்கள் மிஞ்சிய கரையில், இதைக் கேட்கிற பிள்ளை "அல்ஹம்துலில்லாஹ், தப்பிட்டான்" என்றுதான் நினைக்கும். அந்தப் பிள்ளையின் புத்தி சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் கருத்து நேர்மாறு: உதவியில்லாமல் கைவிடப்பட்டான். காரணம் கடல். எங்கட நாட்டைச் சுற்றி வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கக் கடலில் அது சில நாட்களில் 12 மீற்றரையும் தாண்டும். தண்ணீர் வற்றினால் கப்பல் சேற்றில் குந்திவிடும், அடுத்த பெருக்கு வரும்வரை ஒன்றும் செய்ய ஏலாது. அவர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போவதுதான் ஆபத்து. மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அவர்களே மிச்சத்தைச் சொல்லி முடிப்பார்கள்.

"பை த ஸ்கின் ஒஃப் யுவர் டீத்" எங்கே இருந்து வந்தது என்று தெரிந்தால் பலர் ஆச்சரியப்படுவார்கள். பைபிளின் யோபு புத்தகத்தில் இருந்து, 1560ஆம் வருஷத்து ஜெனீவா மொழிபெயர்ப்பு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. யோபு என்பவர் எங்களுக்கு அந்நியர் இல்லை, நபி ஐயூப் (அலை) அவர்கள்தான். செல்வம், பிள்ளைகள், உடல் நலம் எல்லாம் போய் நின்ற சோதனையை மதரசா போகிற சின்னப் பிள்ளையும் அறியும். பல்லுக்கு ஏது தோல்? அவ்வளவு மெல்லிய இடைவெளியில் தப்பியது என்று அர்த்தம் எடுக்கிறார்கள். எங்கட "மயிரிழையில்" என்பதும் இதுதான். "க்ளோஸ் ஷேவ்" வேறு ரகம். அதற்கு "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" கிட்ட வரும்.

"கீப்பிங் அவர் ஹெட்ஸ் அபவ் வோட்டர்" என்பதற்கும் "தப்பித்தல்" என்று போடுவது அநியாயம். தண்ணீர் கழுத்து மட்டும் நிற்கிறது, மூக்கு மட்டும்தான் வெளியே. 2022இல் கேஸுக்கும் பெற்றோலுக்கும் விடிய விடிய வரிசையில் நின்றபோது எங்கட அநேக குடும்பங்களின் நிலை அதுதான். தப்பியவர் யாருமில்லை, மூழ்காமல் இருந்தோம். தமிழில் "வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன" என்கிறோம், அது மூழ்கிய பிறகு சொல்கிற பேச்சு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளைக்கு இரண்டு மொழியும் திறக்கும்.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் எங்கே போவது என்று ஆசிரியர் நண்பர்கள் கேட்பது நியாயம். ஐம்பதைப் பத்தாக்குங்கள் என்பதே எங்கட பதில். ஐம்பது தொடர் பாடமாக்கி, கட்டுரையில் கண்ட இடத்தில் செருகுவதால் யாருக்கும் புள்ளி கூடுவதில்லை. பத்தைக் கதையோடு அறிந்த பிள்ளை ஒன்றையாவது சரியான இடத்தில் எழுதும்.

பெற்றோரிடம் ஒரு வேலை கேட்கிறோம். சாகப் பார்த்துத் தப்பியவரை எங்கட ஊரில் "ஹயாத் கெட்டி" என்கிறோம், ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச் சொல் எங்களுக்குப் பிடிபடவில்லை. இப்படி உங்கள் வீட்டு உம்மம்மா, மூத்தவாப்பா வாயில் இருக்கிற சொற்களை, எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்வார்கள் என்ற விபரத்தோடு, பிள்ளைகளின் கொப்பியில் எழுதி அனுப்புங்கள். பத்தாம் வகுப்புக்கு முதலில் அவற்றைக் கொண்டுதான் பாடம் தொடங்க இருக்கிறோம்.