வேல்ஸ் நாட்டு வேகச் சட்டம்

வேல்ஸ் நாட்டில் வீடுகள் நெருங்கிய தெருக்களில், மோட்டார்கள் மணிக்கு 30 மைல் வரை போகலாமென்றிருந்ததை 20 மைலாகக் குறைத்து, 2023-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி சட்டம் அமுலுக்கு வந்தது. உடனே அதை ரத்துச் செய்யும்படி 4 லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள் சட்டசபைக்கு மகஜர் செய்துகொண்டார்கள்.

நெடுநாள் வழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும் என்பாரும் உளர். பிரிட்டனில் அந்த 30 மைல் அளவு ஏற்பட்டதே 1935-ல்தான். மனிதன் போட்ட அளவை மனிதன் மாற்றக்கூடாதா?

நேரம் வீணாகிறது என்பது மற்றோர் ஆக்ஷேபணை. கணக்குப் பார்ப்போம். ஒரு மைல் கடக்க 30 மைல் வேகத்தில் 2 நிமிஷம். 20 மைல் வேகத்தில் 3 நிமிஷம். நஷ்டம் மைலுக்கு ஒரே நிமிஷம். லாபமோ? மோதும் வலு வேகத்தின் வர்க்கப்படி ஏறுவது. முப்பது முப்பது 900. இருபது இருபது 400. அதாவது அடியின் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முதல் வருஷத்திலேயே இத்தெருக்களில் அடிபட்டோர் தொகை குறைந்திருக்கிறது.

இந்த அளவு பொருந்தாத ரோடுகளைப் பரிசீலித்து 30-க்கே திருப்ப ஸ்தல ஸ்தாபனங்களுக்கு இடமுண்டு. அது நியாயமே.

ஆனால் விபத்தை விதி என்போரை ஒன்று கேட்கிறோம். பலகையில் எண்ணை மாற்றினால் விதியும் மாறிவிடுமா? மிச்சமாகும் நிமிஷம் வண்டியில் போகிறவருக்கு. போகும் உயிரோ பல சமயம் நடந்து போகிறவருடையது. இதில் எது பெரிதென்று தோழர்களே யோசித்துப் பார்க்கட்டும்.