தொண்டனுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேணும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன ஞாயிறு நாங்க நாலு பேர் லுமுட் பக்கம் தெலுக் பாத்திக் போயிருந்தோம். படங்களைப் போட்டதும் ஒரு சகோதரர், "கோயில்ல பாத்திரம் கழுவ ஆள் இல்ல, இவங்க கடற்கரையில படம் புடிச்சிக்கிட்டு இருக்காங்க"ன்னு எழுதினார். அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. அன்னிக்கு ஆள் குறைஞ்சது உண்மைதான். ஆனா பதில் சொல்லணும்.

நாங்க எல்லாம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்துல, ஒரே லயத்துல வளர்ந்தவங்க. அப்போ அஞ்சு பேர். அப்பா அம்மா விடியக்காலையில பெரட்டுக்குப் போய் பால்மரம் வெட்டினாங்க. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்துச்சு. லயமும் போச்சு. நாங்க ஈப்போவுக்கு வந்து ஆளுக்கொரு தொழிற்சாலையில சேர்ந்தோம். வேலை இல்லாத நாள்ல ஓவர்டைம், அதுவும் இல்லேன்னா கோயில் தொண்டு. "ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து கடலுக்குப் போவோம்டா"ன்னு முப்பது வருஷமா பேசிக்கிட்டே இருந்தோம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்கள்ல ஒருத்தர் தூக்கத்துலேயே போயிட்டார். கல்லுமலை தைப்பூசத்துல வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல்ல நின்னவர். மரண அறிவிப்புக்குப் படம் தேடினோம். எங்க போன்ல இருந்த எல்லாப் படத்துலேயும் அவர் முதுகுதான். அண்டாவைக் கிளறுறார், மேசை தூக்குறார். கடைசியில அடையாள அட்டைப் படத்தைப் பெரிசு பண்ணிப் போட்டோம்.

அதனாலதான் போனோம். காலையில சித்தியவான்ல பசியாறிட்டு, சும்மா மணல்ல நடந்தோம். எதிரே பங்கோர் தீவு. மாசி மகத்துக்கு அங்க காளியம்மன் கோயிலுக்குப் போன கதையெல்லாம் பேசினோம். சாயங்காலம் சூரியன் கடல்ல இறங்குற நேரம் படம் எடுத்தோம். சூரியன் முதுகுக்குப் பின்னால இருந்தா முகம் கருத்துப் போகும். வெளிச்சத்தைப் பார்த்து நிக்க வச்சு, ஒவ்வொருத்தர் முகத்தையும் தெளிவா எடுத்தோம்.

ராத்திரி ஈப்போவுல நண்பர் வீட்டுல கார் பந்தயம் பார்த்தோம். ஐரோப்பாவுல நடக்கிறது நமக்கு ஒன்பது மணிக்கு வரும். செப்பாங்ல 1999லேர்ந்து 2017 வரைக்கும் ஃபார்முலா ஒன் நடந்தப்போவும் எங்களுக்கு டிவிதான். 2005ல கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் அங்க ஓட்டினப்போ, நம்ம ஆளுன்னு கத்தினது ஞாபகம் வந்துச்சு.

அந்தப் பந்தயத்துல ஒரு விதி இருக்கு. மழை இல்லாத பந்தயத்துல ரெண்டு வகை டயராவது பயன்படுத்தணும். எவ்வளவு வேகமா ஓடுற வண்டியும் ஒரு தடவையாவது உள்ள வந்து நின்னு டயர் மாத்தியாகணும். 2023ல கத்தார்ல மெக்லாரன் குழு நாலு டயரையும் 1.80 வினாடியில மாத்துச்சு. நிக்கிறது கொஞ்ச நேரம்தான், ஆனா நின்னே ஆகணும். தொழிற்சாலையில நான் பார்க்கிறதும் இதுதான். சர்வீஸ்க்கு நிறுத்தாத மெஷின் ஒரு நாள் தானா நின்னுடும்.

கோயில் நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். தொண்டர்களுக்கு ஷிஃப்ட் மாதிரி ஒரு அட்டவணை போடுங்க. ஒவ்வொருத்தருக்கும் மாசத்துல ஒரு ஞாயிறு விடுப்பு. அந்த இடத்துக்கு இளைஞர்களைக் கூப்பிடுங்க, நாங்க வேலை பழக்கி விடுறோம். என் பேரை முதல்ல எழுதிக்குங்க. வர்ற ஞாயிறு பாத்திரம் நான் கழுவுறேன்.

அடுத்த தடவை அன்னதானத்துல படம் எடுக்கிறவங்க, அண்டா பக்கத்துல நிக்கிறவரையும் ஒரு நிமிஷம் திரும்பச் சொல்லி, அவர் முகத்தையும் எடுங்க.

ஓம் சரவணபவ.