மீனுக்கு முன்னால் தண்ணீர்

போன கோடை விடுமுறைக்கு வந்த பேத்தி மீன் தொட்டி வேண்டும் என்றாள். கொளத்தூருக்குக் கூட்டிப் போனேன். இரண்டடித் தொட்டி, ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஆறு கோல்டு ஃபிஷ், எல்லாம் ஒரே பில். "தண்ணி ஊத்தி விட்டுடுங்க சார், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் கெட்டுவிட்டது என்று நினைத்து மொத்தத்தையும் கொட்டினேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினேன். ஒரு வாரத்தில் ஆறும் போய்ச் சேர்ந்தன.

"தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருந்துச்சு தாத்தா, ஏன் செத்துப் போச்சு?" என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் அறிவியல் நடத்தியவனிடம் பதில் இல்லை.

மீன் வளர்க்கும் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். "சார், போர்டுல நைட்ரஜன் சுழற்சி வரைவீங்களே, அதேதான் சார்" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

விஷயம் இதுதான். மீன் மூச்சு விடும்போது செவுள் வழியே அம்மோனியா வெளிவருகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் பாதகமில்லை. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். அந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை அநேகமாக இல்லை. ஒட்டத் தொடங்கிய கொஞ்சநஞ்சத்தையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் நானே கழுவி விட்டேன். குளோரின் மீனின் செவுளையும் அரிக்கும்.

இன்னொன்று. எங்கள் வீட்டுத் தண்ணீரின் பி.எச். 8. பி.எச். 7-இல் இருப்பதைவிட 8-இல் அம்மோனியாவின் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு. இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தெளிவான தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

"அந்தக் காலத்தில் கிணற்றில் மீன் விட்டார்களே, எந்த கெமிஸ்ட்ரி பார்த்தார்கள்?" என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கிணற்றில் ஏராளமான தண்ணீர், அதில் நாலைந்து மீன், சுவரெல்லாம் பாசி, கல்லெல்லாம் பாக்டீரியா. ஐம்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அதெல்லாம் எங்கே இருக்கிறது?

என் கருத்து இது: தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கக் கூடாது, நாமும் கேட்கக் கூடாது. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அவர் சொல்லியிருந்தால் நான் அடுத்த கடைக்குத்தான் போயிருப்பேன்.

இரண்டாவது முறை நிதானமாகச் செய்தோம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் ஏர் பம்ப் ஓடவிட்டு வைத்தோம். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி. டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டு, மஞ்சள் பச்சையாவதைப் பேத்தி நோட்டில் எழுதினாள். ஊருக்குப் போன பிறகும் தினமும் போன் செய்து, "இன்னைக்கு என்ன கலர் தாத்தா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கியது. பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கியது. முப்பத்தேழாம் நாள் இரண்டும் பூஜ்யம்.

இந்தத் தடவை தண்ணீரை மீனுக்காக மாற்றவில்லை. எங்கள் கடினத் தண்ணீருக்கு ஒத்துவரும் கப்பி மீன் மூன்று மட்டும் வாங்கினேன். மூன்றும் நன்றாக இருக்கின்றன. பேத்தி இப்போதும் போன் செய்தால் முதலில் மீனைத்தான் விசாரிக்கிறாள். அப்புறம்தான் என்னை.